ஆத்துல போட்டாலும் அளந்து போடு: மாமாவோட ஆறு நாள், ரோச்டேல்ல இருந்து ஃபெனிக் வரைக்கும்

முதல் நாள், ரோச்டேல்

மாமா ஊர்ல இருந்து வந்து மூணு வாரம் ஆச்சு. டவர் பிரிட்ஜ், மியூசியம், பார்க் எல்லாம் சுத்திக் காட்டியாச்சு, எதைப் பார்த்தாலும் "ம்ம், நல்லாத்தாம்மா இருக்கு"ன்னு ஒரே பதில்தான். மனுஷன் கூட்டுறவுத் தணிக்கைல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அவருக்கு கோட்டை கொத்தளம் எல்லாம் ஒரு விஷயமே இல்ல, பேரேடும் வவுச்சரும் இருக்கிற இடமா கூட்டிட்டுப் போனாத்தான் முகம் மலரும்னு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது. நானும் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பேயபிள்ல இன்வாய்ஸ் பாஸ் பண்ற ஆளுதான், அதனால ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பைத்தியம் இருக்கு: காசு யார் கைல இருந்து யார் கைக்குப் போகுதுன்னு பார்க்கிறது. அப்படி யோசிச்சுப் போட்ட டூர் இது. ஒரு ஊரோட காசு அந்த ஊருக்குள்ளேயே நிக்கணும், அதுல அந்த ஊர்க்காரங்களுக்குப் பங்கு இருக்கணும்னு முயற்சி பண்ணின இடங்களை மட்டும் பார்க்கிறது. இங்க இதை கம்யூனிட்டி வெல்த் பில்டிங்னு சொல்றாங்க. மாமாகிட்ட சொன்னதும் "பேரு பெருசா இருக்கு, புக்கு எப்படி இருக்குன்னு பார்ப்போம்"னார்.

மான்செஸ்டர் விக்டோரியால இருந்து ரோச்டேல் கொஞ்ச நேரம்தான். டோட் லேன்னு ஒரு தெரு, அதுல 31ஆம் நம்பர். செங்கல் கட்டடம், வெளிய இருந்து பார்த்தா ஒண்ணுமே இல்ல. 1844 டிசம்பர் 21, சனிக்கிழமை ராத்திரி இங்கதான் பின்னாடி வந்த கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் முன்மாதிரியான அந்தக் கடையைத் திறந்தாங்க. நெசவாளிங்களும் வேற சில தொழிலாளிங்களுமா 28 பேர், சேர்ந்த பணம் 28 பவுண்ட், அதுவும் ஒரே நாள்ல போட்டது இல்ல, வாராவாரம் ரெண்டு பென்னி மூணு பென்னின்னு சேர்த்தது. கேஸ் விளக்குக்கு லைன் கிடைக்கல, மெழுகுவத்தி வெளிச்சத்துலதான் கடை திறந்தாங்கன்னும், வெளிய மில் பசங்க நின்னு சிரிச்சு கேலி பண்ணினாங்கன்னும் ஒரு கதை உண்டு. விக்க வச்சிருந்தது வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, அவ்ளோதான். முன்னாடி ரூம்ல அந்தக் கடையை அப்படியே அமைச்சு வச்சிருக்காங்க, பீப்பா, தராசு, ரெண்டு பீப்பாக்கு மேல ஒரு பலகை.

தராசுதான் இங்க முக்கியம். அந்தக் காலத்துல மில் ஊர்கள்ல மாவுல சுண்ணாம்பு, படிகாரம் எல்லாம் கலந்து விப்பாங்க, எடையும் குறையும், அதுலயும் முதலாளியோட கடையிலயே கடனுக்கு வாங்கினா கேக்கவே வேணாம். இவங்க சொன்னது ரெண்டே விஷயம், சுத்தமான சரக்கு, சரியான எடை. லாபம் வந்தா யார் எவ்ளோ வாங்கினாங்களோ அந்த அளவுக்குப் பிரிச்சுத் தருவோம், ஓட்டு மட்டும் ஆளுக்கு ஒண்ணுதான், பணம் எவ்ளோ போட்டிருந்தாலும் சரி. பொம்பளைங்களும் உறுப்பினர் ஆகலாம், 1844ல!

மாமா விதிகள் எழுதியிருந்த போர்டு முன்னாடி ரொம்ப நேரம் நின்னார். கடன் கிடையாது, ரொக்கம்தான்ங்கிறதையும், கணக்கை அடிக்கடி உறுப்பினர் முன்னாடி வைக்கணும்ங்கிறதையும் படிச்சுட்டு, "இந்த ரெண்டு மட்டும் நம்ம சங்கங்கள்ல ஒழுங்கா நடந்திருந்தா எனக்குப் பாதி வேலை இருந்திருக்காது"ன்னார். அப்புறம் குரலை இறக்கி, தான் ஆடிட் பண்ணின ஏதோ ஒரு சங்கத்துல இருப்புல காட்டின அரிசி மூட்டை குடோன்ல இல்லாத கதையைச் சொன்னார். எந்தச் சங்கம்னு கேட்டேன், சொல்லல. ரிட்டயர் ஆனாலும் ஆடிட்டர் ஆடிட்டர்தான்.

ரெண்டாம் நாள், பிரஸ்டன்

ரோச்டேல்ல இருந்து மான்செஸ்டர் மாறி பிரஸ்டன். ஸ்டேஷன்ல இறங்கினதும் மழை. லங்காஷயர்ல மழையைப் பத்தி எழுதினா அது தகவலே இல்ல, விடுங்க.

பிரஸ்டன் பஸ் ஸ்டேஷன்னு ஒண்ணு இருக்கு, அதைப் பார்க்கவே வெளியூர்ல இருந்து ஆளுங்க வராங்கன்னு சொன்னா மாமா நம்பல. 1969ல கட்டினது. ஒரு பக்கம் 40, இன்னொரு பக்கம் 40ன்னு பஸ் நிக்கிற அளவுக்கு நீளம், மேல அடுக்கடுக்கா கார் பார்க்கிங், ஒவ்வொரு அடுக்கோட விளிம்பும் வளைஞ்சு மேல பார்த்து நிக்கிற கான்க்ரீட். எனக்குப் பிடிச்சுது. மாமா "என்னம்மா, கட்டி முடிக்காம விட்ட மாதிரி இருக்கு"ன்னார். இதை இடிச்சுட்டு அந்த இடம் பூரா ஷாப்பிங் சென்டர் கட்டுறதாத்தான் ஒரு காலத்துல பிளான், அந்தக் கதை நாளைக்கு. இடிக்கல, 2013ல பாதுகாக்கப்பட்ட கட்டடம்னு லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க.

கொஞ்சம் தள்ளி மார்க்கெட். 1875ல போட்ட பெரிய இரும்புக் கூரை, விக்டோரியா காலத்து வேலைப்பாடு, அதுக்குக் கீழ 2018ல புதுசா கண்ணாடில ஒரு மார்க்கெட் ஹால் கட்டி வச்சிருக்காங்க. அதைக் கட்டினதே பிரஸ்டன் கம்பெனிதான். மாமா சைவம், இந்த ஊர்ல என்ன கிடைக்கும்னு பயந்துட்டு இருந்தேன், பார்த்தா பட்டர் பைன்னு ஒண்ணு, உருளைக்கிழங்கு, வெங்காயம், வெண்ணெய், அவ்ளோதான் உள்ள. வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத கத்தோலிக்கக் குடும்பங்களுக்காக வந்த பண்டமாம். மாமா ரெண்டு சாப்பிட்டார், மிளகு மட்டும் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்ங்கிறது தணிக்கைக் குறிப்பு.

சீஸ் கடைக்காரம்மாகிட்ட பேச்சுக் குடுத்தேன். ஊர்க் காசை ஊருக்குள்ளேயே செலவு பண்ண வைக்கிற இந்த முயற்சியை பிரஸ்டன் மாடல்னு சொல்றாங்களே, அதால உங்களுக்கு ஏதாவது தெரியுதான்னு கேட்டதுக்கு, அந்த அம்மா சிரிச்சுட்டு, கேமராவோட வர்றவங்க எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க, எனக்குத் தெரிஞ்சது மழைல நனையாம கடை போடுறேன் அவ்ளோதான்னு சொன்னாங்க. இந்தப் பதில் எனக்கு ரொம்ப நேரம் மண்டைல ஓடிட்டே இருந்துச்சு. அஞ்சாறு வருஷமா பேப்பர்ல படிச்சுட்டு வர்றவளுக்கு ஊருக்குள்ள கால் வச்சதும் எல்லாம் மின்னும்னு ஒரு எதிர்பார்ப்பு, ஆனா காசு உள்ள சுத்துதா வெளிய போகுதாங்கிறது கடைத்தெருவுல நின்னு பார்த்தா தெரியிற விஷயம் இல்லையே, அது பில்லுல இருக்கு.

மூணாம் நாள், பிரஸ்டன்தான் இன்னும்

இன்னைக்கு எழுத நிறைய இருக்கு, டீ போட்டுட்டு உக்காருங்க.

டித்பார்ன்னு ஒரு ப்ராஜெக்ட். 70 கோடி பவுண்ட். நகர மையத்துல பெரிய பகுதியை எடுத்து ஷாப்பிங், சினிமா, வீடு எல்லாம் கட்டுறது, பஸ் ஸ்டேஷனை இடிக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல ஊரே இதைத்தான் நம்பி உக்காந்திருந்துச்சு, இது வந்தா எல்லாம் சரியாயிடும்னு. 2011 நவம்பர்ல முக்கியமான கடையா வரவேண்டிய ஜான் லூயிஸ் விலகிட்டாங்க, அதோட மொத்தமும் படுத்துடுச்சு. இதுல ஒரு வேடிக்கை, ஜான் லூயிஸ்ங்கிறதே அதோட ஊழியர்களுக்குச் சொந்தமான நிறுவனம். அதாவது முதலாளித்துவக் கழுகு ஒண்ணும் வந்து ஏமாத்திட்டுப் போகல, நல்ல கம்பெனிதான், அவங்க கணக்குக்கு ஒத்து வரல, போயிட்டாங்க. வெளிய இருந்து வர்றவங்க எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும் அவங்க கணக்கு அவங்களுக்கு.

இன்னொரு பக்கம் 2010க்கு அப்புறம் லண்டன்ல இருந்து வர்ற மானியத்தை வெட்டிட்டே வராங்க. ஆக, பெரிய முதலீட்டாளரும் வரல, அரசாங்கக் காசும் வரல. அப்போதான் மேத்யூ பிரவுன்ங்கிற கவுன்சிலரும் (2018ல கவுன்சில் தலைவர் ஆனார்) கூட இருந்தவங்களும் அமெரிக்கால கிளீவ்லாண்ட் பக்கம் பார்த்தாங்க. அங்க பெரிய ஆஸ்பத்திரிகளும் யுனிவர்சிட்டியும் வருஷத்துக்கு 300 கோடி டாலர் வாக்குல சாமான் வாங்குது, அதைச் சுத்தி இருக்கிற தெருக்கள்ல கஞ்சிக்கு வழியில்ல. அதை மாத்த 2009ல ஒரு சலவைக் கம்பெனி ஆரம்பிச்சாங்க, எவர்கிரீன்னு பேரு, ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறது, வேலை பார்க்கிறவங்களே சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா கட்டி பங்குதாரர் ஆயிடுவாங்க. இப்படி ஊரை விட்டுப் போகவே முடியாத பெரிய நிறுவனங்களுக்கு நங்கூர நிறுவனம்னு பேரு வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியைத் தூக்கிட்டு வேற நாட்டுக்கு ஓட முடியாதுல்ல.

பிரஸ்டன்ல என்ன பண்ணினாங்கன்னா, முதல்ல எண்ணினாங்க. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். மான்செஸ்டர்ல இருக்கிற சி.எல்.ஈ.எஸ்ங்கிற ஆய்வு அமைப்போட சேர்ந்து நகர கவுன்சில், லங்காஷயர் கவுண்டி கவுன்சில் (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி), போலீஸ், ரெண்டு காலேஜ், கம்யூனிட்டி கேட்வேங்கிற வீட்டு வசதி அமைப்பு, இந்த ஆறு பேரும் யார் யாருக்கெல்லாம் பில் கட்டுறாங்கன்னு அலசினாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் பெரிய சப்ளையர் 300 பேரை எடுத்து. 2012-13ல ஆறு பேரும் சேர்ந்து சுமார் 75 கோடி பவுண்ட் செலவு பண்ணியிருக்காங்க, அதுல பிரஸ்டனுக்குள்ள நின்னது வெறும் 5 சதவீதம். லங்காஷயர் மொத்தத்தையும் சேர்த்தாக்கூட 39தான். 45 கோடிக்கு மேல கவுண்டியை விட்டே வெளிய போகுது, வருஷா வருஷம், யாரும் திருடல, எல்லாம் முறையா டெண்டர் விட்டு முறையா கையெழுத்துப் போட்டு.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சும்மாவா சொன்னான்"னு மாமா சொன்னது இந்த இடத்துலதான். முதல் தடவையா நோட்டு எடுத்து எதோ குறிச்சுக்கிட்டார்.

சரி, அளந்தாச்சு, அடுத்து? உள்ளூர்க்காரனுக்குத்தான் தருவேன்னு டெண்டர்ல எழுத முடியல, அப்போ சட்டம் விடல. ஆனா 2012ல வந்த சமூக மதிப்புச் சட்டம், வாங்கும்போது விலை மட்டும் இல்ல, ஊருக்கு என்ன பிரயோஜனம்னும் யோசிக்கணும்னு சொல்லுது. அந்த இடைவெளில புகுந்தாங்க. கவுண்டி கவுன்சிலோட ஸ்கூல் சாப்பாட்டுக் காண்ட்ராக்ட் ஒண்ணு, மொத்தமா எடுக்கிற அளவுக்குப் பெரிய ஆள் உள்ளூர்ல யாரும் இல்ல. அதை உடைச்சாங்க. தயிருக்கு ஒரு டெண்டர், முட்டைக்கு ஒண்ணு, சீஸுக்கு ஒண்ணு, பாலுக்கு ஒண்ணு, சான்ட்விச் உள்ள வைக்கிறதுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் ஜெயிச்சது லங்காஷயர் விவசாயிங்ககிட்ட சரக்கெடுக்கிற உள்ளூர் சப்ளையர்ங்கதான், கவுண்டிக்கு 20 லட்சம் பவுண்ட் வாக்குல பலன்னு கணக்கு சொல்றாங்க.

இதை நான் ரொம்ப உற்சாகமா சொல்லிட்டு இருக்கேன், மாமா முகம் மாறிடுச்சு.

"என்னது, காண்ட்ராக்ட்டை பிரிச்சாங்களா?"

"ஆமா மாமா, சின்னவங்களும் கலந்துக்கணும்ல."

"ஏம்மா, நாங்க இதுக்குத்தான் ஆடிட் ரிப்போர்ட்ல ஆட்சேபணை பாரா எழுதுவோம்! டெண்டர் லிமிட்டுக்குக் கீழ வரணும்னே ஒரே வேலையை நாலா பிரிச்சு நாலு கொட்டேஷன் வாங்கி மச்சானுக்குக் குடுப்பானுங்க. எத்தனை பார்த்திருக்கேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நானும் ஆபீஸ்ல அதே பார்த்திருக்கேன், ஒரே நாள்ல ஒரே வென்டார்கிட்ட இருந்து மூணு இன்வாய்ஸ், எல்லாம் மேனேஜர் அப்ரூவல் லிமிட்டுக்கு ஒரு ரூபா கீழ. ரெண்டு பேரும் ஒரு காபிக் கடைல உக்காந்து முக்கால் மணி நேரம் இதையே பேசினோம். கடைசில மாமாவே பிரிச்சுச் சொன்னார்: டெண்டருக்குத் தப்பிக்கப் பிரிக்கிறது வேற, டெண்டருக்குள்ள ஆளைக் கூட்டிட்டு வரப் பிரிக்கிறது வேற. முதலாவது இருட்டுல நடக்கும், ரெண்டாவதுல ஒவ்வொரு துண்டும் விளம்பரம் ஆகி எல்லாருக்கும் தெரிஞ்சு நடக்கும். இங்கயும் லிமிட்டுக்குத் தப்பப் பிரிச்சா குத்தம்தான். ஆனா ஃபைல்ல பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்மா, பிரிச்சவன் மனசை ஆடிட் பண்ண முடியாது, யார் ஜெயிச்சாங்கங்கிற லிஸ்ட்டைத்தான் பார்க்க முடியும்னார்.

நான் என் பக்கம் ஒண்ணு சேர்த்தேன். சின்ன சப்ளையர் டெண்டர்ல தோக்கிறதுக்கு முன்னாடியே வெளிய நிக்கிறதுக்குக் காரணம் விலை இல்ல, ஃபார்ம். வருஷ டர்ன்ஓவர் இவ்ளோ இருக்கணும், இன்சூரன்ஸ் இவ்ளோ இருக்கணும், மூணு வருஷ ஆடிட் கணக்கு வேணும், அறுபது பக்கம். அப்படியே உள்ள வந்துட்டாலும் பணம் 90 நாள் கழிச்சு வந்தா பேக்கரிக்காரர் எப்படி மாவு வாங்குவார்? வாரத்துக்கு ஒருத்தராவது எனக்கு ஃபோன் பண்ணி "மேடம் என் இன்வாய்ஸ் என்னாச்சு"ன்னு கெஞ்சுவாங்க, அப்புறம் ஒரு நாள் அந்த ஃபோன் வராது. 30 நாள்ல காசு குடுக்கிறது மட்டுமே ஒரு பொருளாதாரக் கொள்கைன்னு நான் நினைக்கிறேன், இதை யாரும் மேடைல பேச மாட்டாங்க.

நம்பர் என்னாச்சுன்னு கேட்டீங்கன்னா, 2016-17ல அதே ஆறு பேர் செலவு 62 கோடியா குறைஞ்சிருச்சு, மானிய வெட்டுதான், ஆனா அதுல பிரஸ்டனுக்குள்ள 18.2 சதவீதம், அதாவது 11 கோடிக்கு மேல, லங்காஷயருக்குள்ள 79.2. மொத்தம் குறைஞ்சும் ஊருக்குள்ள நின்னது மூணு மடங்கு. மாமா ரசீதுல பின்னாடி கூட்டிப் பார்த்துட்டு "சரியாத்தான் வருது"ன்னார். அவர்கிட்ட இருந்து இதுக்கு மேல பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

நாலாம் நாள், மழை

பூரா நாளும் மழை, சின்னப் பதிவு.

லூன் தெருவுல ஒரு சிலை இருக்கு. 1842 ஆகஸ்ட்ல சம்பளத்தை வெட்டினதை எதிர்த்து வேலை நிறுத்தம் பண்ணின மில் தொழிலாளிங்களை இந்த இடத்துல ராணுவம் சுட்டதுல நாலு பேர் செத்துட்டாங்க. ரோச்டேல் கடை திறக்கிறதுக்கு ரெண்டே வருஷம் முன்னாடி. ரெண்டையும் ரெண்டு நாள் இடைவெளில பார்த்ததும்தான் எனக்கு உறைச்சுது, அந்த 28 பேரும் எதோ பொழுது போகாம கடை வைக்கல.

ஹோட்டல் ரூம்ல உக்காந்து மாமா தன் சந்தேகங்களை ஒவ்வொண்ணா எடுத்து வச்சார். முதல் கேள்வி, பிரஸ்டன் காசு பிரஸ்டன்லயே நிக்கணும், பக்கத்து ஊரு காசு பக்கத்து ஊர்லயே நிக்கணும்னா அப்போ இங்க இருக்கிற வியாபாரி பக்கத்து ஊருக்கு விக்கிறது எப்படி? நியாயமான கேள்வி, பொருளாதாரம் படிச்சவங்களும் இதைத்தான் கேக்கறாங்க. எல்லாரும் கதவைச் சாத்தினா எல்லாருக்கும் நஷ்டம்தான். ஆனா நான் பார்த்த வரைக்கும் 5, 39ங்கிற நிலைமைல இருந்த ஊர் கதவைச் சாத்தல, கதவே இல்லாத வீட்டுக்கு ஒரு கதவு வச்சிருக்கு. இன்னொண்ணு, உள்ளூர்க்காரன்னாலே நல்ல முதலாளியா? இல்லவே இல்ல. அதனாலதான் சம்பளத்தையும் சேர்த்துப் பிடிச்சாங்க, 2012லயே வாழ்க்கைக்குப் போதுமான ஊதியம் தர்ற நிறுவனம்னு அங்கீகாரம் வாங்கின வட இங்கிலாந்தோட முதல் கவுன்சில் இது.

அப்புறம் மச்சான் பிரச்சினை. "உள்ளூர்க்காரன்னா அவன் மச்சானும் உள்ளூர்க்காரன்தானேம்மா." இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சி.எல்.ஈ.எஸ் பண்ணின மாதிரி வெளியாள் ஒருத்தர் வந்து வருஷா வருஷம் எண்ணிட்டே இருக்கிறதைத் தவிர வேற வழி எனக்குத் தெரியல.

பலன் உண்டான்னு கேட்டா, 2023ல லான்செட் பப்ளிக் ஹெல்த்ல ஒரு ஆய்வு வந்துச்சு, பிரஸ்டனை அதே மாதிரி இருக்கிற மத்த ஊர்களோட ஒப்பிட்டு. எதிர்பார்த்ததைவிட மனச்சோர்வு மாத்திரை எழுதிக் குடுக்கிறது குறைஞ்சிருக்கு, நடுத்தர ஊதியம் 11 சதவீதம் கூடியிருக்கு, வாழ்க்கைத் திருப்தி 9 சதவீதம் கூடியிருக்குன்னு சொல்றாங்க. இதெல்லாம் கொள்முதல் மாத்தினதாலதானா இல்ல கூடவே நடந்த வேற எதாலயாவதான்னு ஒரு ஊரை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் டெண்டர் ஃபைலையும் மாத்திரைச் சீட்டையும் ஒரே ஆய்வுல சேர்த்துப் பார்த்த அந்த ஆளுங்களுக்கு ஒரு கும்பிடு.

இந்த ஊர்ல கில்டுன்னு ஒரு திருவிழா, 1179ல வந்த சாசனத்தோட தொடர்ச்சி, இருபது வருஷத்துக்கு ஒரு தடவைதான். கடைசியா 2012, அடுத்தது 2032. அடிக்கடி நடக்காத விஷயத்துக்கு "பிரஸ்டன் கில்டு மாதிரி"ன்னு இங்க சொல்லுவாங்களாம். அந்தக் கில்டும் ஆரம்பத்துல யார் இந்த ஊர்ல வியாபாரம் பண்ணலாம்னு பட்டியல் போடுற சமாச்சாரம்தான், வெளியாளுக்கு இடம் இல்ல. மாமாவோட முதல் கேள்விக்கு எண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஒரு பதில்.

அஞ்சாம் நாள், கில்வின்னிங்

பிரஸ்டன்ல இருந்து கிளாஸ்கோ நேர் ரயில். மாமா ஜன்னல் பக்கம் உக்காந்து ஆட்டை எண்ணிட்டு வந்தார், நான் தூங்கிட்டேன், எழுந்து பார்த்தா ஸ்காட்லாந்து. கிளாஸ்கோல மாறி கில்வின்னிங்.

இது நார்த் அயர்ஷயர் கவுன்சில். 2020 மே மாசம் கம்யூனிட்டி வெல்த் பில்டிங்குக்குன்னே ஒரு திட்டம் போட்ட முதல் ஸ்காட்லாந்து கவுன்சில் இவங்கதான். பக்கத்துல ஆர்டீர்ல 1870கள்ல ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் ஃபேக்டரி வச்சார், அந்த நோபல்தான், பரிசு குடுக்கிறாரே அவர். ஆயிரக்கணக்கான பேருக்கு அதுதான் சோறு போட்டுச்சு, அப்புறம் அது சுருங்கிப் போச்சு. இப்போ ஸ்காட்லாந்துலயே குழந்தைங்க வறுமை அதிகமா இருக்கிற இடங்கள்ல இதுவும் ஒண்ணு.

இங்க நான் பார்க்க வந்தது குப்பை மேடு. நெதர்மெயின்ஸ்ங்கிற இடத்துல மூடின பழைய குப்பைக் கிடங்கு மேல கவுன்சில் சோலார் பேனல் போட்டிருக்கு, இர்வின் பக்கம் ஷூவால்டன்லயும் இதே மாதிரி இன்னொண்ணு. குப்பை மேட்டு மேல வீடு கட்ட முடியாது, வாங்க ஆளும் வராது. தனியார்கிட்ட வாடகைக்கு விட்டா கவுன்சிலுக்கு வாடகை மட்டும்தான் வரும், இவங்க சொந்தமா வச்சுக்கிட்டாங்க, கரண்ட் வருமானம் கவுன்சிலுக்கே. வேலிக்கு வெளிய நின்னு பார்த்தோம், உள்ள விடமாட்டாங்க. பார்க்க ஒண்ணும் இல்ல, கறுப்பு வரிசை, அதுக்குப் பின்னாடி சாம்பல் கலர் வானம். "ஸ்காட்லாந்துல சோலாரா, வெயில் எங்கம்மா இருக்கு?"ன்னு மாமா கேட்டார், அந்த நேரம் பார்த்து சூரியன் ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போச்சு, சாட்சி சொல்ல வந்த மாதிரி.

எனக்கு ஒரு குறை. கொள்முதல், நிலம் இந்த ரெண்டும் கவுன்சில் கைல இருக்கிறதால வேகமா நடக்குது. வேலை பார்க்கிறவங்களே சொந்தக்காரங்களா இருக்கிற கம்பெனிகளை உருவாக்குறதும், ஊருக்குன்னு ஒரு வங்கி வைக்கிறதும் எங்க போனாலும் ஆமை வேகம்தான். ஸ்பெயின்ல பாஸ்க் பகுதியில மோன்ட்ராகான்ல அது ஆச்சுன்னா, அங்க ஒரு பாதிரியார் 1943ல தொழிற்பள்ளி ஆரம்பிச்சார், 1956ல அடுப்பு செய்ற முதல் கம்பெனி, 1959ல சொந்த வங்கி. அதாவது முதல் அடுப்பு விக்கிறதுக்கு முன்னாடி பதிமூணு வருஷம் பாடம் நடத்தியிருக்காங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு எலெக்ஷன் வர்ற ஊர்ல யார் அவ்ளோ நாள் காத்திருப்பாங்க?

ஆறாம் நாள், கில்மார்னாக், ஃபெனிக்

காலைல கில்மார்னாக். ஜானி வாக்கர் பிறந்த ஊர், 1820ல ஜான் வாக்கர்னு ஒருத்தர் இங்க மளிகைக் கடைதான் வச்சார். அந்த பாட்டில் உலகம் பூரா போச்சு, ஆனா 2009ல பாட்டில் நிரப்புற ஆலையை மூடுறோம்னு அறிவிச்சாங்க, ஊர்ல ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலம் போனாங்க, 2012ல மூடியே விட்டாங்க, சுமார் 700 வேலை. லாபம் வராம மூடல, வேற இடத்துல செலவு கம்மி. இப்போ அந்த இடத்துல காலேஜ் இருக்கு. மாமா காலேஜ் வாசல்ல நின்னு, "மளிகைக் கடையா ஆரம்பிச்சது ரெண்டு, டோட் லேன்ல ஒண்ணு, இங்க ஒண்ணு"ன்னு மட்டும் சொன்னார். மேல ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.

மத்தியானம் பஸ் பிடிச்சு ஃபெனிக். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல நடுவுல ஒரு டபிள்யூ இருக்கு, யாரும் சொல்றதில்ல, நான் சொல்லி டிரைவர் திருத்தினார். சின்ன கிராமம், ஒரு தெரு, ஒரு சர்ச். ரோச்டேலுக்கு 83 வருஷம் முன்னாடி, 1761 மார்ச்ல, இந்த ஊர் நெசவாளிங்க இந்தச் சர்ச்சுல கூடி ஒரு சாசனத்துல கையெழுத்துப் போட்டாங்க: ஒருத்தருக்கொருத்தர் நேர்மையா இருப்போம், நல்ல துணி நெய்வோம், வழக்கமான விலையை விடக் கூடவும் கேக்க மாட்டோம், குறைச்சும் குடுக்க மாட்டோம். 1769ல ஓட்ஸ் மாவை மொத்தமா வாங்கி உறுப்பினருக்குக் குறைஞ்ச விலைக்குக் குடுத்தாங்க. தேவைப்பட்டவங்களுக்குக் கடனும் உண்டு. உலகத்துல ஆவணம் இருக்கிற ரொம்பப் பழைய கூட்டுறவு அமைப்புகள்ல இதுவும் ஒண்ணுன்னு சொல்றாங்க. கைத்தறி படுத்ததும் நெசவாளிங்க ஊரை விட்டுப் போனாங்க, 1873ல சங்கத்தைக் கலைச்சுட்டாங்க. கணக்கு நோட்டுகள் எடின்பரோல தேசிய நூலகத்துல பத்திரமா இருக்கு.

"கலைக்கும்போதும் கணக்கு ஒப்படைச்சுட்டுத்தான் போயிருக்கானுங்க"ன்னு மாமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்த ஆறு நாள்ல அவர் இப்படி வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்க்கல. அந்த நோட்டைப் பார்க்கணும், எடின்பரோ எவ்ளோ தூரம்னு கேட்டார். நாளைக்குக் காலைல எனக்கு ஆபீஸ்.

சர்ச் சுவத்துல சங்கிலில ஒரு இரும்பு வளையம் தொங்குது. இது என்னம்மான்னு கேட்டார். அந்தக் காலத்துல தப்புப் பண்றவங்க கழுத்துல இதை மாட்டி ஊர் பார்க்க நிக்க வைப்பாங்கன்னு சொன்னேன்.

கிட்டப் போய் கையால தூக்கிப் பார்த்தார், கீலு அசையுதான்னு ஒரு தடவை ஆட்டினார்.

"சங்கத்து செகரட்டரிக்கா?"

பஸ் வந்துருச்சு.